மேல்காற்றுக்கு நட்ட அகத்தி

அகத்தி மரமா, கீரையா? இதைத் தீர்மானிக்கத் தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுவதும் போனது. எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. செம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாரம் இரண்டு முறை கீரை அனுப்புகிற சாஜிதாவிடம், அடுத்த தடவை முளைக்கீரை கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வரப் போனவன் நான். போனில் சொல்லியிருக்கலாம். தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவனுக்குப் போனைத் தொட்டாலே எரிச்சல் வருகிறது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

படப்பையைத் தாண்டி ஏரி மதகை ஒட்டி உள்ளே போனால் அந்த அறுபது சென்ட் நிலம். நிலம் லோகநாதனுடையது. அவருடைய அப்பா வரைக்கும் ஏர் பிடித்த குடும்பம்; அவர் காலத்தில் பாதி நிலம் மனையாகிவிட்டது, மீதி மனையாவதற்குக் காத்திருக்கிறது. காத்திருக்கிற நிலத்தைச் சும்மா போட்டு வைப்பானேன் என்று குத்தகைக்கு விட்டிருந்தார். காகிதம் கிடையாது. தைக்குத் தை வாய்ப்பேச்சுதான். குத்தகைக்காரர்கள் சாஜிதாவும் அவள் கணவர் அப்துல் ரசாக்கும். ரசாக் தாம்பரம் மார்க்கெட்டில் இருபது வருடம் கீரைக்கடை வைத்திருந்தவர். மூட்டு வலியில் கால் மடங்காமல் போய்க் கடையை விட்டார். அதற்குள் சாஜிதா அடுத்தவர் தோட்டத்தில் மருந்தடித்த கத்தரிக்காய் பறித்துப் பறித்து இரண்டு கையும் வெடித்துப்போயிருந்தாள். நமக்கென்று ஒரு துண்டு நிலம் பிடித்து, மருந்தே இல்லாமல் கீரை போடுவோம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். வேப்பம்புண்ணாக்கும் சாணியும் மோருமாக மூன்று வருடம் பாடுபட்டு எங்கள் குடியிருப்பில் அறுபத்து நான்கு வீட்டையும் பிடித்துவிட்டாள். எங்களுக்கு அவளை அறிமுகம் செய்தது நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் நிலத்துக்கு மேற்கே ஜெயவேலுவின் கத்தரித் தோட்டம். நடுவில் ஒரு வரப்பு, ஒரு ஆள் நடக்கிற அகலம். சிக்கல் அந்த வரப்பில்தான்.

ஆனி பிறந்துவிட்டால் அங்கே மேற்கிலிருந்து மேல்காற்று ஆரம்பித்துவிடும். காலையில் எழுந்து மத்தியானம் கடல்காற்று வந்து சேருகிற வரைக்கும் விடாமல் அடிக்கும். ஜெயவேலு மருந்தடிப்பது காலை எட்டு மணிக்கு. முதுகில் மோட்டார் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவன் கத்தரிக்கு அடிப்பான். அதில் பாதி வரப்பைத் தாண்டி வெள்ளைப் புகையாக வந்து சாஜிதாவின் அரைக்கீரைப் பாத்தியில் இறங்கும். போன வருடம் ஆடியில் அப்படி இறங்கிய ஒரு காலையில் நானும் நின்றிருந்தேன். வாடை தொண்டையைப் பிடித்தது. மறுநாள் அறுக்க வேண்டிய மூன்று பாத்தியையும் சாஜிதா வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று ரசாக் முனகினார். எனக்குத் தெரியுமே என்றாள் அவள். அந்த வாரம் எங்கள் குடியிருப்புக்குக் கீரை வரவில்லை. டெபோரா, எங்கள் சங்கச் செயலாளர், கல்லூரியில் வேதியியல் நடத்தியவர், வராததற்குக் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அம்மாள் நேர்மையானவர் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்.

ஜெயவேலு கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். சாயங்காலம் அடித்தால் காற்று கிழக்கிலிருந்து வரும், எங்கள் பக்கம் வராது என்று சாஜிதா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கு எனுக்கு ஷிப்ட்டுக்கா. ஒரகடத்துல கம்பெனி பஸ்ஸு எனுக்காவ நின்னுகினு இருக்காது. நான் இன்னா, ஆசைக்கா காலைல அடிக்கிறேன்?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடிக்கலாமே என்று நான் குறுக்கே நுழைந்தேன்.

"ஞாயித்துக்கெயம வரிக்கும் புழு லீவுல இருக்குமா சார்?" என்று சிரித்தான். அடிப்பதற்கு முன்னால் போன் பண்ணுகிறேன், நீங்கள் பாத்தியை மூடிக்கொள்ளுங்கள் என்று ஒத்துக்கொண்டான். இரண்டு தடவை பண்ணினான். பிறகு மறந்துவிட்டான். நிழல்வலை வாங்கிக் கட்டினார்கள். ஆவணிக் காற்று அதைக் கிழித்து மதகில் கொண்டுபோய்ப் போட்டது.

அப்போதுதான் வேளாண்மை அலுவலகத்தில் பக்கத்துத் தோட்டத்து மருந்தை எப்படித் தடுப்பது என்று ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்கள். சாஜிதா அதை மடித்து மடித்துக் கிழிகிற வரைக்கும் வைத்திருந்தாள். சுவர் வைத்தால் காற்று மேலே ஏறி இந்தப் பக்கம் தொப்பென்று விழும், மருந்தும் கூடவே விழும். அதனால் செடிதான் வைக்க வேண்டும். இலை காற்றை வடிகட்டி விட்டுவிடும், மருந்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். உயரமாக ஒன்று, அடியில் அடர்த்தியாக ஒன்று. உயரத்துக்கு அகத்தி, அடிக்கு நேப்பியர் புல் என்று அவளே முடிவு செய்தாள்.

குத்தகை நிலத்தில் மரம் வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி லோகநாதன் காதுக்கு அன்றைக்கே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை மதகடியில் நிறுத்திவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா காலத்தில் ஒரு குத்தகைக்காரர் நான்கு தென்னம்பிள்ளை வைத்தாராம். மரம் என்னுடையது, அதனால் மண்ணும் என்னுடையது என்று நின்றுகொண்டாராம். பதினாறு வருடம் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு நடந்தார்களாம். இந்தக் கதையை அவர் மூன்று தடவை சொன்னார். அந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. குத்தகைக்காரன் கத்தரி வைக்கலாம், கீரை வைக்கலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது.

"அண்ணே, அகத்தி மரம் இல்லண்ணே, கீரை" என்றாள் சாஜிதா. "மார்க்கெட்ல கீரைக் கடைலதான விக்கிது? மரக்கடைல அகத்தி வித்து நீங்க பாத்துகீறீங்களா?"

வெட்டிப்போட்டால் விறகாகிறதே என்றார் அவர். கத்தரிச் செடியும் காய்ந்தால் விறகுதான் என்றாள் இவள். இருபது அடி போகுமே என்றார். அதுவரைக்கும் யார் விடப்போகிறார்கள் என்றாள். ரசாக் நடுவில் சர்பத் கரைத்து வந்து கொடுத்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் லோகநாதன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி எழுந்து நின்றார்.

"சரிம்மா. கீரைன்னு நீதான் சொல்ற. கீரைன்னா அறுக்கணும். அமாவாசைக்கு அமாவாசை நான் வந்து பாப்பேன். அறுத்த அடையாளம் இருக்கணும். அறுக்காத நின்னுகினு இருந்திச்சுன்னா அது மரம். மறுநாளே ஜேசிபி வரும். அப்புறம் எம்மேல வருத்தப்படாதீங்க பாய்."

ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான்கூட சாஜிதாவிடம், நீ வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும் என்றேன்.

மாசியில் விதை போட்டார்கள். வரப்பு ஓரமாக நேப்பியர் புல்லின் தண்டுக் கரணை ஒரு வரிசை, அதற்கு உள்ளே ஒரு சாண் இடைவெளியில் அகத்தி இரண்டு வரிசை, ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று நிற்கிற மாதிரி. பங்குனி சித்திரையில் மதகில் தண்ணீர் இல்லை. கிணற்றிலிருந்து குடத்தில் மொண்டு, காலையில் முப்பது நடை, சாயங்காலம் முப்பது நடை. ரசாக் கால் மடங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து குடம் தூக்குவதைப் பார்த்தால் நமக்கு வலிக்கும். உட்காருங்கள் என்றால் கேட்க மாட்டார். மத்தியானம் வேப்பமரத்தடியில் பழைய சோறும் கருவாட்டுத் தொக்கும் சாப்பிட்டுவிட்டு, அகத்தி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தன் கைத்தடியால் அளந்து பார்ப்பார். வைகாசியில் இடுப்புக்கு வந்தது. ஆனியில் தலைக்கு மேல் போனது. நிழல் விழுகிறது, காலை வெயில் கத்தரிக்குக் கிடைக்கவில்லை என்று ஜெயவேலு ஒரு நாள் முறைத்துக்கொண்டான். அவன் பக்கம் சாய்ந்த கிளையை எல்லாம் சாஜிதா கழித்துவிட்டாள். ஆடி பிறந்தபோது பத்தடிக்கு இரண்டு வரிசையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு நின்றன.

ஆடி முதல் புதன்கிழமை மோட்டார் சத்தம் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் கிணற்று மேட்டில் போய் நின்றோம். வெள்ளைப் புகை எழுந்து வந்தது. அகத்தியில் மோதியது. அங்கேயே அடங்கிவிட்டது. இந்தப் பக்கம் காற்று மட்டும் வந்தது. சாஜிதா போய் மேற்குப் பக்கத்து இலையைத் திருப்பிக் காட்டினாள். இலை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டு.

அறுத்தே ஆக வேண்டும் என்று லோகநாதன் போட்ட நிபந்தனைப்படி ஆனி அமாவாசைக்கே ஒரு தடவை நுனியையும் பக்கக் கிளையையும் கழித்திருந்தாள். கழித்தது அத்தனையும் குழிக்குப் போனது. ஒரு இலை வெளியே போகக் கூடாது, ஆட்டுக்குக்கூடப் போடக் கூடாது என்று ரசாக்கிடம் சொல்லியிருந்தாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் இருபது வருடம் கீரை விற்ற மனிதருக்குப் பச்சைப் பசேலென்று ஒரு குவியலைக் குழியில் தள்ளுவது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள். சாஜிதா பல்லாவரத்தில் மகள் பிரசவத்துக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. எங்கள் குடியிருப்பில் பதினைந்து வீட்டுக்காரர்கள், அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்கவும் சமைக்கவும் அகத்தி வேண்டும், உங்கள் ஆளிடம் கேளுங்கள் சார் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு மட்டும் நான் போனை எடுத்தேன். ரசாக்கைக் கேட்டேன். சாஜிதா ஊரில் இல்லையே என்று இழுத்தார். பிறகு, "அனுப்பறேன் சார்" என்றார்.

எந்த அகத்தி என்று நான் கேட்கவில்லை. அந்த நிலத்தில் அகத்தி வேறு எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியும். கிணற்று மேட்டில் நின்று அந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தவன் நான். பதினைந்து வீட்டுக்கு முன்னால் இல்லை என்று சொல்ல வாய் வராமல் அதை மறந்த மாதிரி இருந்துவிட்டேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் கூடையில் அரைக்கீரையோடு அகத்தியும் வந்தது. சும்மா கொடுத்திருந்தார், அமாவாசைக்கு என்று. பார்க்க அத்தனை அழகு. வருடத்துக்கு ஒரு தடவை கீரையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது டெபோராவின் வழக்கம். அந்த வருடத்துக்கு அவர் எடுத்தது அந்தக் கூடையிலிருந்து. அரைக்கீரை ஒரு கட்டு, அகத்தி ஒரு கட்டு.

பன்னிரண்டு நாளில் முடிவு வந்தது. அரைக்கீரையில் ஒன்றும் கண்டறியப்படவில்லை. அகத்தியில் இரண்டு மருந்து, இரண்டும் அளவுக்கு மேல்.

சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து வேலியைப் பற்றி விளக்கினேன். மேல்காற்று, கத்தரி, காகிதம், எல்லாவற்றையும் சொன்னேன். அரைக்கீரை சுத்தமாக இருப்பதே அந்த வேலியால்தான் என்றேன். டெபோரா பொறுமையாகக் கேட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த வேலி எதுக்கு வெச்சாங்க? மருந்தைப் பிடிக்க. பிடிச்ச இலையையே நமக்கு அனுப்பியிருக்காங்க. தெரியாம அனுப்பியிருந்தா பரவாயில்ல. தெரிஞ்சேல்ல அனுப்பியிருக்காங்க?"

நான் விளக்க விளக்க அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. கேட்டது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அறுபது தலைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து கீரை வேண்டாம் என்று முடிவானது. அதை அவளிடம் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

சாஜிதா முடிவுத் தாளை வாங்கி, கிணற்று மேட்டில் உட்கார்ந்து, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். அரைக்கீரை என்ற வரியில் விரல் நின்றது.

"புடிச்சிகீது சார்" என்றாள். "ஒரு பொட்டுகூட இந்தாண்ட வரல. பாத்தீங்களா?" முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு கீழ் வரிக்குப் போனாள். தாளை மடித்தாள். ரசாக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "மூணு தண்ணில அலசனேன் சாஜிதா. மஞ்சத்தண்ணில வேற முக்கி எடுத்தேன்" என்றார்.

"நான்தாம்மா கேட்டேன்" என்றேன். கூட்டத்தில் வராத வார்த்தை அங்கே வந்தது. அங்கே வந்து யாருக்கு என்ன பிரயோசனம்?

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்ப் பாத்தியில் களை பறிக்க உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, திரும்பாமலே பேசினாள்.

"கீரை, கீரைன்னு அன்னிக்கு அவ்ளோ நேரம் வாதாடனது நான்தான சார். எங்க வூட்டுக்காரரு நம்பிட்டாரு."

அதற்கப்புறம் அவளுடைய கீரை தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தது. அங்கே எல்லார் கீரையும் ஒரே குவியல். மருந்தடித்ததும் அடிக்காததும் ஒன்றாகக் கிடக்கும், எடுப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வேலி வைத்து, குடம் சுமந்து, சுத்தமாக வளர்த்ததை ஜெயவேலுவின் கத்தரிக்காய்க்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு வந்தாள்.

அப்புறம் எதற்கு இந்த அகத்தி, பிடுங்கிப் போட்டுவிட்டு நாமும் எல்லோரையும் போல இருந்துவிட்டுப் போவோம் என்று ரசாக் ஒரு நாள் சொன்னாராம். பதிலுக்கு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனாளாம். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் எழுந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டார்.

புரட்டாசியில் மகாளய அமாவாசை. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, போய்விட்டேன். காலையிலேயே லோகநாதன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அகத்தி நுனியெல்லாம் கழிந்து, அறுத்த தழை மலை மாதிரி குழியோரம் குவிந்திருந்தது. இப்படி இருந்தால்தான் கீரை என்று மெச்சினாராம். விற்காமல் ஏன் குழியில் போடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது அறுத்த அடையாளம்.

பத்து மணிக்கு ஜெயவேலு வரப்புக்கு வந்தான். தலை ஈரம், நெற்றியில் விபூதிப் பட்டை. அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்திருந்தான். படப்பை மார்க்கெட்டில் அகத்தி ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டதாம்.

"அக்கா, ரெண்டு கட்டு குடேன். மாட்டுக்குப் போடணும். இவ்ளோ அறுத்து வெச்சிகினு கீற."

ரசாக் வாயைத் திறந்தார். சாஜிதா கையைக் காட்டி நிறுத்தினாள். குவியலிலிருந்து கை நிறைய எடுத்தாள். வாழைநாரில் இரண்டு கட்டு, மார்க்கெட்டுக்குக் கட்டுகிற மாதிரியே நுனியைச் சமமாகத் தட்டிக் கட்டினாள். கொண்டுபோய் வரப்பின் மேல் வைத்தாள்.

"எட்த்துக்கோ ஜெயவேலு. புதங்கெயம நீ அட்ச்சது அதுல கீது. நான் கயுவல."

அவன் குனிந்து ஒரு கட்டைத் தொட்டான். இலையைத் திருப்பிப் பார்த்தான். கையை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு கட்டை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"மாடு செனையா கீதுக்கா" என்றான் மெதுவாக.

அவன் கத்தரிச் செடிகளுக்கு நடுவே நடந்து போய்விட்டான். ரசாக் கட்டுகளை எடுத்துக் குழியில் போடப் போனார். வேண்டாம், அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றாள் சாஜிதா.

அடுத்த புதன்கிழமையும் நான் போனேன். எட்டு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. மேல்காற்று அன்றைக்கும் அடித்தது. அந்த இரண்டு கட்டும் வரப்பிலேயே வாடிச் சுருண்டு கிடந்தன. மூக்கில் துண்டோடு வரப்போரம் வந்த ஜெயவேலு, அதைப் பார்த்து ஒரு நிமிஷம் மோட்டாரை அணைத்தான். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். மறுபடியும் மோட்டாரைப் போட்டான்.

"மாட்டுக்கு ஆவாதுன்னு தெரியுது சார் அவனுக்கு" என்றாள் சாஜிதா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புகை அகத்தியில் மோதி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாத்தியில் இறங்கி அரைக்கீரை அறுக்க ஆரம்பித்தாள். நான் பையை நீட்டினேன். மூன்று வருடப் பழக்கம், குனிந்தபடியே கேட்டாள்.

"எத்தினி வூட்டுக்கு சார்?"

"ஒரு வீட்டுக்குத்தாம்மா" என்றேன்.